தட்டைப்பயறு போட ஆடியா, புரட்டாசியா, தையா? செட்டிநாட்டுப் புஞ்சைக்கு ஓர் ஒப்பீடு

செட்டிநாட்டுப் பக்கம் தட்டைப்பயறு போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ரகம் நல்லது?" என்றுதான். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. எந்தப் பட்டத்தில், அதாவது எந்த விதைப்புப் பருவத்தில், விதைக்கப் போகிறோம் என்பது முதலாவது. பச்சைக் காயாகப் பறிக்கவா, நெற்றாக (செடியிலேயே காய்ந்த காயாக) விட்டுப் பயறு எடுக்கவா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் ரகம் பெரிய தலைவலி இல்லை.

பட்டத்தை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், இந்தப் பயிருக்கு வறட்சி அவ்வளவு பகை இல்லை, ஈரம்தான் பகை. அதுவும் எல்லா நேரத்திலும் இல்லை. முளைக்கும்போது வேரடியில் தண்ணீர் நிற்கக் கூடாது, நெற்று காயும்போது மழை பெய்யக் கூடாது. நம்மில் பலர் மழையைப் பார்த்து விதைக்கிறோம். நெற்று காய வெயில் எப்போது கிடைக்கும் என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணி விதைப்பதுதான் இந்தப் பயிருக்குச் சரி. இந்த ஒப்பீடு முழுக்க அந்தக் கணக்கில்தான் போகிறது.

முதலில் செடியின் குணம். ஆப்பிரிக்காவில் தோன்றிய பயிர் இது, வெப்பம் புதிதில்லை. ஆணிவேர் ஆழமாக இறங்கும். ஆவணி மாதம் உச்சி வெயிலில் புஞ்சைக்குப் போய்ப் பாருங்கள்: இலைகள் எல்லாம் தகடு போல நிமிர்ந்து, சூரியனுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். முகத்தைக் காட்டினால் சூடு ஏறி நீர் போய்விடும் என்பதால் செடி செய்கிற வேலை அது. சாயந்திரம் மறுபடி விரிந்துவிடும். புதிதாகப் பயிர் செய்கிறவர்கள் மத்தியானம் இதைப் பார்த்து வாடுகிறது என்று நினைத்துத் தண்ணீர் பாய்ச்சிவிடுவார்கள். காலை ஏழு மணிக்கும் இலை தொங்கினால்தான் அது உண்மையான வாட்டம்.

மண்ணும் இதற்கு ஏற்றதுதான். நம் மேட்டுப் புஞ்சைகளில் செம்மண்ணும் சரளையும். கொஞ்சம் தோண்டினால் செம்புறாங்கல் வந்துவிடும். சத்து குறைந்த, லேசாகப் புளித்த, அதாவது அமிலத் தன்மையுள்ள, மண். கார அமில நிலை (pH) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் தட்டைப்பயறுக்குப் பிடிக்கும், ஆகவே இங்கே சுண்ணாம்பு, ஜிப்சம் என்று எதுவும் தேடிப் போக வேண்டியதில்லை. களர் மண் மட்டும் வேண்டாம்.

ஆனால் செம்மண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விதைத்த மறுநாள் மழை ஒரு சாத்து சாத்திவிட்டு வெயில் அடித்தால் மேல்மண் பொருக்குக் கட்டிவிடும். தட்டைப்பயறு இரண்டு பருப்பையும் தலையில் தூக்கிக்கொண்டு வெளியே வருகிற செடி. பொருக்கை முட்டும்போது கழுத்து ஒடிந்துவிடும். விதை மோசம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் நாலு இடத்தில் மண்ணைக் கிளறிப் பாருங்கள். வளைந்த வெள்ளைத் தண்டு உள்ளேயே கிடந்தால் குற்றம் மண்ணுடையது. விதையை ஒன்றரை அங்குல ஆழத்துக்கு மேல் போடாமல் இருப்பதும், மழை பெய்தால் முளை வெளியே வருவதற்கு முன் லேசாக முள்கிளை இழுத்துப் பொருக்கை உடைப்பதும் போதும்.

சரி, பட்டங்களுக்கு வருவோம்.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். தட்டைப்பயறைப் பொறுத்தவரை அதில் ஆடி மாதம் முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பயறுக்கு என்றுள்ள குறுகிய கால ரகங்கள் 65 முதல் 75 நாளில் முடிகின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில், அதாவது ஐப்பசித் தொடக்கத்தில், பிடிப்பது வழக்கம். ஆடி 18-இல் விதைத்தால் ஆவணிக் கடைசியில் பூ, புரட்டாசிக் கடைசியில் கடைசிப் பறிப்பு. மழைக்கும் களத்துக்கும் நடுவே பத்து நாள்கூட மிச்சம் இல்லை. ஆடி முதல் வாரத்தில் ஒரு மழை கிடைத்து விதைத்தவருக்கு இரண்டு வாரம் கூடுதலாகக் கையில் இருக்கும். முதல் பறிப்பு நவராத்திரிச் சுண்டலுக்குச் சந்தைக்குப் போய்விடும். ஆவணி பிறந்த பிறகு விதைப்பவர் நெற்றை மழையிடம் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதுதான்.

ஆடியின் சிக்கல் மழை நிச்சயம் இல்லை என்பது. தென்மேற்குப் பருவக்காற்று நமக்கு நேராக மழை தருவதில்லை. சாயந்திர இடிமழையை நம்பித்தான் ஆடியும் ஆவணியும் ஓடுகின்றன. அதுவும் கோட்டையூரில் பெய்தால் புதுவயலில் பெய்யாது. முளைத்து வேர் பிடித்த பிறகு மூன்று வாரம் மழை இல்லாவிட்டாலும் செடி சமாளிக்கும். பூவிலும் பிஞ்சிலும் காய்ந்தால்தான் இழப்பு. பக்கத்தில் கிணறோ போர்வெல்லோ இருந்து, பூக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் கொடுக்க முடிந்தால் ஆடிப் பட்டத்தை யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு தண்ணீருக்கும் வழி இல்லாத புஞ்சையில் மகசூல் பாதியாகிற வருஷங்களும் வரும் என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

இங்கே இன்னொரு ஆபத்து மயில். விதைத்த வரிசையைப் பிடித்துக்கொண்டே போய் முளையைக் கொத்தித் தின்றுவிடும். வன உயிரினச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, விரட்டத்தான் முடியும். முதல் பத்து நாள் காலையும் சாயந்திரமும் ஆள் நிற்க வேண்டும். வெளியூரில் இருந்துகொண்டு போனிலேயே விவசாயம் பார்க்கிறவர்கள் இந்தப் பத்து நாளுக்கு யார் நிற்பார்கள் என்பதை விதை வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது.

புரட்டாசிப் பட்டம் பார்க்க அழகாக இருக்கும். மண்ணில் ஈரம் இருக்கிறது, முளைப்பு நன்றாக வரும், செடி பச்சைப்பசேல் என்று நிற்கும். ஆசை காட்டி ஏமாற்றுகிற பட்டம் என்று இதைச் சொல்வேன். புரட்டாசி நடுவில் போட்டால் ஐப்பசிக் கடைசியில், மழை வலுத்திருக்கும் நேரத்தில், பூக்கும். தட்டைப்பயறுப் பூ விடியற்காலை விரிந்து மத்தியானத்துக்குள் மூடிவிடுகிற பூ. அடைமழையில் பூ உதிரும். மப்பும் மந்தாரமுமாக இருந்தால் காய்ப்புழு வேறு பூக்களைச் சேர்த்துப் பின்னிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்னும். தப்பிய காய் கார்த்திகையில் நெற்றாகும்போது நாலு நாள் தொடர் மழை பிடித்தால், நெற்றுக்குள்ளேயே பயறு முளைத்தோ பூசணம் பிடித்தோ போகும். கறுப்புக் கண் வைத்த வெள்ளைத் தோல் பயறுக்கு இந்தக் கஷ்டம் இன்னும் அதிகம். தோல் மெல்லியது, சீக்கிரம் ஈரம் இழுக்கும். ஈரம் அதிகமான மண்ணில் விதை அழுகுவதும் செம்பழுப்புப் பயறைவிட வெள்ளையில்தான் கூடுதல்.

அப்படியானால் புரட்டாசியே வேண்டாமா? பயறுக்கு வேண்டாம். பச்சைக் காய்க்குத் தாராளமாகப் போடலாம். காயாகப் பறிக்கிறவருக்கு நெற்று காயும் கவலையே கிடையாது. விதைத்த ஐம்பதாவது நாள் வாக்கில் பறிக்க ஆரம்பித்தால் கார்த்திகை மாதம் முழுக்கக் காய் வரும். ஊரில் பாதிப் பேர் மாலை போட்டுக்கொண்டு கறி மீன் தொடாமல் இருக்கிற மாதம் அது. மழையில் மற்றக் காய்கறி வரத்தும் குறைந்திருக்கும். வடிகால் மட்டும் சரியாக இருக்க வேண்டும்: மேட்டுப்பாத்தி எடுத்து, பாத்திக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வெளியேறும் கடைசி மடையைத் திறந்தே வையுங்கள். வேரில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நின்றாலே இலை மஞ்சளாகும்.

மூன்றாவது தைப் பட்டம். இது மேட்டுப் புஞ்சைக்கு உரியது இல்லை. கண்மாய்ப் பாசன வயலில் நெல் அறுத்த பிறகு இருக்கிற ஈரத்தை வைத்து எடுக்கிற பயிர். அறுவடை முடிந்ததும், மண் காலில் ஒட்டாமலும் கட்டியாக இறுகாமலும் இருக்கிற பதத்தில் ஒரே ஓர் உழவு ஓட்டி விதைக்க வேண்டும். நாலு நாள் தள்ளினால் பதம் போய்விடும். நெற்று காய்வதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது: பங்குனியில் மழைப் பயம் குறைவு, வெயில் தாராளம், பயறு பளிச்சென்று வரும். கண்மாயில் மிச்சத் தண்ணீர் இருந்து மடை திறந்தால் பூக்கும்போது ஒரு தண்ணீர் காட்டலாம். மாசி தாண்டி விதைத்தால் கத்திரி வெயிலில் பூ கொட்டும், அதனால் தையிலேயே முடித்துவிட வேண்டும்.

தைப் பட்டத்தில் தடை பயிரிடம் இல்லை, ஊரிடம் இருக்கிறது. அறுவடை முடிந்தால் வயல் எல்லாம் பொது மேய்ச்சல் மாதிரி, மாடும் ஆடும் அவிழ்த்து விடப்படும். ஒருவர் மட்டும் நடுவில் பயறு போட்டால் அது ஊர் ஆட்டுக்குப் போட்டதாகத்தான் முடியும். நாலு பங்காளிகள் பேசி, ஒரே மடைக்குக் கீழே சேர்ந்தாற்போல் போட்டால் காவல் ஓர் ஆளோடு முடியும். இன்னொன்றும் உண்டு. அறுத்த வயலில் கீதாரிகளை (ஊர் ஊராக ஆடு ஓட்டி வருகிறவர்களை) கூப்பிட்டு ஆட்டுக்கிடை போடுகிற, அதாவது மந்தையை இரவில் வயலில் அடைக்கிற, வழக்கம் இருக்கிற ஊர்களில், கிடையா பயறா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். மண் மிகவும் செத்துப்போன வயல் என்றால் அந்த வருஷம் கிடைக்கே விடுவேன். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் தருகிற சத்தை ஒரு பயறுப் பயிரின் வேர் முடிச்சு ஈடு கட்டாது. ஓரளவு நல்ல வயல் என்றால் பயறு போட்டு, அறுத்த பின் செடியை மடக்கி உழுவது லாபம்.

வேர் முடிச்சு என்றதும் ஞாபகம் வருகிறது: முப்பது முப்பத்தைந்து நாள் செடி ஒன்றைப் பிடுங்கி, வேரில் இருக்கிற உருண்டைகளை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) செடி தனக்குத் தானே பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அந்த மண்ணில் நுண்ணுயிர் போதவில்லை, அடுத்த தடவை ரைசோபியம் (வேர் முடிச்சு நுண்ணுயிர்) கலந்து விதையுங்கள். இளஞ்சிவப்பைப் பார்த்த பிறகும் யூரியா போடுவது காசைக் கரைப்பதோடு நிற்காது. குத்துச் செடியாக நிற்க வேண்டியது இலையும் கொடியுமாகப் படர்ந்து, காய் குறைந்துபோகும். மானாவாரிக்குப் பரிந்துரை ஏக்கருக்கு 5 கிலோ தழை, 10 கிலோ மணி (பாஸ்பரஸ்), 5 கிலோ சாம்பல் (பொட்டாஷ்) சத்து, அவ்வளவுதான். அதில் நம் செம்மண்ணுக்கு முக்கியம் மணிச்சத்து. இந்த மண் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்குக் கொடுக்காது, ஆகவே அதை மட்டும் குறைக்காதீர்கள். பூக்கும்போது ஒன்றும், பதினைந்து நாள் கழித்து ஒன்றுமாக 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளித்தால் (10 லிட்டருக்கு 200 கிராம், முதல் நாள் இரவே ஊறவைத்துத் தெளிவை மட்டும் இறுத்து) காய்ப் பிடிப்பில் வித்தியாசம் தெரியும்.

இப்போது குத்துச் செடியா கொடியா என்ற கேள்வி சுலபமாகிவிடும். பயறுக்கு ஆடியிலோ தையிலோ போடுகிறவருக்குக் குத்துச் செடி. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி அரை அடி. ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ விதை. வம்பன் 1, கோ 7 போன்றவை இந்த வகை. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் இருக்கிற தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் நமக்குப் பக்கம், அங்கேயும் இதே செம்புறை மண்தான். ஆகவே விதையும் ஆலோசனையும் அங்கே கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. மளிகைக் கடைப் பயறை விதைத்தாலும் முளைக்கும். ஆனால் அதில் குத்தும் கொடியும் கலந்திருக்கும். ஒன்று நெற்றாகும்போது இன்னொன்று பூத்துக்கொண்டிருக்கும், பறிப்புக் கூலிதான் ஏறும்.

கொடிக்கு, அதாவது ஒரு முழம் இரண்டு முழம் நீளத்துக்குத் தொங்குகிற பயத்தங்காய்க்கு, பந்தலோ கம்பியோ வேண்டும், தண்ணீர் தொடர்ந்து வேண்டும், காய்க்கத் தொடங்கினால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை பறிக்கவும் ஆள் வேண்டும். ஒரு வாரம் விட்டுவிட்டால் காய் முற்றி, செடி "வேலை முடிந்தது" என்று அடுத்த பூவைக் குறைத்துவிடும். வீட்டுக்குப் பின்னால் கொல்லையும் கிணறும் இருந்து, தினம் ஒரு தடவை அந்தப் பக்கம் போகிறவர் இருந்தால் கொடியைப் போல லாபம் வேறில்லை. பூட்டிக் கிடந்து, மாதம் ஒரு தடவை திறக்கிற வீட்டுக் கொல்லைக்குக் கொடி வேண்டாம். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தொட்டி வைத்து வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான். நாலு பக்கமும் உயர்ந்த சுவர், நடுவில் உச்சி வெயில் மட்டும் இறங்கிப் போகும். இந்தச் செடிக்குக் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் கொடி நீளும், காய்க்காது. வத்தல் காயப்போடுகிற மொட்டை மாடிதான் அதற்கு இடம்.

உளுந்தோடு ஒப்பிடாமல் முடித்தால் புஞ்சை வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விலை விஷயத்தில் உளுந்துக்குத்தான் கை ஓங்கும். உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு, தட்டைப்பயறுக்குக் கிடையாது. வியாபாரி சொல்வதுதான் விலை. வயலில் பார்த்தால் நிலைமை மாறும். சரளை மேட்டில், ஒரு மழை தவறினால் உளுந்து குட்டையாக நின்றுவிடும். தட்டைப்பயறு எதையாவது கொடுத்துவிடும். அதுவும் கைகொடுக்காவிட்டால் செடி மாட்டுக்கு நல்ல தீவனம். கண்மாய் வயலில் தைப் பட்டத்துக்கு உளுந்தையே முதலில் யோசிப்பேன். மேட்டுச் செம்மண்ணில் ஆடிக்குத் தட்டைப்பயறு. மானாவாரியில் ஏக்கருக்கு இரண்டு மூன்று குவிண்டால் எடுத்தாலே நல்ல விளைச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சொல்லி ஆசை காட்டுகிறவர்களிடம் எந்த மண், எத்தனை தண்ணீர் என்று கேளுங்கள்.

பூச்சியில் மூன்று பட்டத்துக்கும் பொதுவானது கரும் அசுவினி. வறண்ட நாட்களில் இளங்குருத்திலும் பிஞ்சிலும் அப்பிக்கொள்ளும். பூக்காம்பு நுனியில் எறும்பு ஊர்வதை மட்டும் வைத்துப் பயந்துவிட வேண்டாம். அந்தக் காம்பில், பூவுக்கு வெளியே, தேன் சுரக்கிற புள்ளிகள் இந்தச் செடிக்கு இயல்பாகவே உண்டு, எறும்பு அதற்கும் வரும். குருத்தைத் திருப்பி, கறுப்பாகக் கூட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அடித்தால் போதும். ஒரு நல்ல மழையே பாதியைக் கழுவிவிடும்.

அப்புறம், நெற்று பறித்ததோடு வேலை முடியாது. பயறு வண்டு வயலிலேயே முட்டையிட்டுவிடுகிறது. பயறைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் தோலில் சின்ன வெள்ளைப் புள்ளி ஒட்டியிருப்பது தெரியும், அதுதான் முட்டை. அதோடு டப்பாவில் போட்டு மூடினால் ஒரு மாதத்தில் ஓட்டை விழுந்து மாவு கொட்டும். பல்லில் கடித்தால் டக்கென்று உடைகிற அளவுக்கு நாலைந்து வெயில் காய வேண்டும். ஆடிப் பயறுக்கு இந்த வெயில் புரட்டாசியில் கிடைக்கும், தைப் பயறுக்குப் பங்குனியில் தாராளமாகக் கிடைக்கும். புரட்டாசிப் பயறுக்கு மார்கழியில் வெயிலைத் தேடி அலைய வேண்டும். பிள்ளையார் நோன்புக்குப் பலகாரம் செய்கிற பரபரப்பில் பத்திக்கும் (தாழ்வாரத்துக்கும்) வாசலுக்குமாகப் பயறை மாற்றி மாற்றிப் போட்டு எடுப்பது வீட்டில் யாருக்கும் பிடித்த வேலை இல்லை.

காய்ந்த பயறைச் சமையலுக்கு என்றால் கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவிக் காற்றுப் புகாத டின்னில் வைக்கலாம்; கத்தரிக்காய்க் குழம்புக்கும் மண்டிக்கும் (அரிசி கழுவிய நீரில் செய்கிற செட்டிநாட்டுக் குழம்பு) ஆறு மாதம் வரும். விதைக்கு வைப்பதில் கிலோவுக்கு 10 மில்லி வேப்பெண்ணெய் புரட்டிவிடுங்கள். விதையை முதல் இரண்டு பறிப்பிலிருந்தே எடுங்கள். கடைசிப் பறிப்பு நெற்று செடியில் நாள்கணக்கில் நின்றது, அதில் வண்டு முட்டை அதிகம் இருக்கும். அதை முதலில் சமைத்துத் தீர்த்துவிடலாம்.